முட்டை போடாத ராஜாத்தி

கால்நடைத் துறையில் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பிள்ளைகள் ஏதோ மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்ற கிழடுகளிடம் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்குகிறார்கள். எனக்கு வந்த தலைப்பு, ‘சேவல் குஞ்சுகளையும் பெட்டைக் குஞ்சுகளையும் பிரித்து வளர்ப்பதா, சேர்த்து வளர்ப்பதா?’ ஒரு பக்கத்துக்கு மிகாமல், பொதுமக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டுமாம். பொதுமக்களுக்குப் புரியாதபடி எழுத எனக்கு எப்போது தெரிந்திருந்தது? தெரிந்திருந்தால் இன்னும் இரண்டு பிரமோஷன் வாங்கியிருப்பேன்.

பதில் என்னவோ சின்னதுதான். பிரித்து வளர்ப்பது நல்லது. சேவல் குஞ்சு வேகமாக வளரும், தீனித் தொட்டியை மறித்துக்கொண்டு நிற்கும், பெட்டைக் குஞ்சு ஓரமாக நின்று மிச்சம் மீதியைக் கொத்தும். நம் வீட்டுப் பந்திகளில் நடப்பதுதான். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் பெட்டைகளை நிம்மதியாக இருக்க விடாது. ஆகவே கொண்டையும் வாலும் அடையாளம் தெரிய ஆரம்பித்தவுடன் பிரித்துவிட வேண்டும். முடிந்தது கட்டுரை. ஆனால் பிரிப்பது யார், எதைப் பார்த்துப் பிரிப்பது, பிரித்தது தப்பானால் பழியை யார் தலையில் கட்டுவது என்பதெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்காது. அடங்காததை மலர்க்காரர்கள் வெட்டிக்கொள்ளட்டும்.

நான் பென்ஷன் வாங்குவது அரசாங்கத்தில். தொழில் கற்றது அங்கே அல்ல. இரண்டாவது யுத்தத்தின்போது விராலிமலையிலிருந்து இலுப்பூர் போகிற பக்கம் ஒரு பொட்டலில் கோழிப் பண்ணை ஒன்று இருந்தது. பொன்னமராவதிப் பக்கத்து முதலாளி ஒருவர் பர்மாவிலிருந்து நல்ல வேளையாகக் குண்டு விழுவதற்கு முன்பே கிளம்பி வந்து, சும்மா இருக்க முடியாமல் ஆரம்பித்தது. நான் அங்கே எச்சம் அள்ளினேன், பிறகு தண்ணீர் வைத்தேன், பிறகு தவிடும் புண்ணாக்கும் கலந்தேன், பிறகு சேவல் கொட்டகைக்குப் பொறுப்பாளி ஆனேன். என் கல்லூரிப் படிப்பு இதுதான்.

முட்டை முழுவதும் திருச்சியில் இருந்த ஒரு பட்டாள ஆஸ்பத்திரிக்குப் போனது. அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை, முட்டைக்குள் கரு இருக்கக் கூடாது. சேவல் சேராத கோழியும் முட்டை போடும். அது குஞ்சு பொரிக்காது, ஆனால் வெயிலில் சீக்கிரம் கெடாது. சேவல் சேர்ந்த கோழியின் முட்டை அப்படியல்ல. சித்திரை வெயிலில், வைக்கோல் கூடையில், கரி அடுப்பு வைத்து ஓட்டுகிற அந்தக் காலத்துப் பஸ்ஸில் திருச்சி போய்ச் சேர்ந்து, ஸ்டோரில் நாலு நாள் கிடந்தால், தன்னைக் குஞ்சு என்று நினைத்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். உடைத்தால் உள்ளே நூல் நூலாக ரத்தம் ஓடியிருக்கும். நோயாளிச் சிப்பாய் அதைப் பார்த்தால் போர்முனையே மேல் என்று எழுந்து போய்விடுவான்.

இதற்குத்தான் பிரித்து வளர்த்தோம். பிரிக்கிற அதிகாரம் எங்கள் சூப்ரண்டு வைத்திலிங்கம் பிள்ளையிடம் இருந்தது. சுத்த சைவம். வாழ்நாளில் முட்டை தின்றதில்லை, தின்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்ததும் இல்லை. எங்கோ வெளியூரில் கோழி வளர்ப்புக்கு ஒரு கோர்ஸ் படித்து, இங்கிலீஷ் புத்தகம் ஒன்றோடு வந்தவர். காலையில் நெற்றி நிறைய விபூதியும் கையில் குடையுமாக வருவார். வாசலில் பெனாயில் தொட்டி இருக்கும். அதில் கால் நனைக்காமல் யாரும் உள்ளே வர முடியாது. முதலாளியே ஒரு தடவை புதுச் செருப்போடு வந்து, நனைத்துவிட்டுத்தான் வந்தார். முட்டையைத் தொட வேண்டி வந்தால் கைக்குட்டையால் பிடிப்பார். பிறகு அந்தக் கைக்குட்டையையும் துவைக்கப் போட்டுவிடுவார். கோழிப் பண்ணைக்கு இப்படி ஒருவரை எங்கே தேடிப் பிடித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சேவல் கொட்டகைக்கும் பெட்டைக் கொட்டகைக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குக் கீற்றுத் தட்டி கட்டச் சொன்னார். அதில் தப்பில்லை. ஒன்றாக வளர்ந்த சேவல்கள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பெட்டை ஒன்று கண்ணில் பட்டால் போதும், பங்காளி ஆகிவிடும். ஆனால் அவர் தட்டியோடு நிற்கவில்லை. சேவல் பக்கம் ஆண்கள் மட்டும் வேலை செய்ய வேண்டும், பெட்டைப் பக்கம் பெண்கள் மட்டும். கஞ்சி குடிப்பது தனித்தனி, தண்ணீர்ப் பானை தனித்தனி. ‘பண்ணைன்னா ஒழுங்கு வேணும்ப்பா’ என்பார். கோழிக்குப் போட்ட சட்டம் எங்களுக்கும் பொருந்தும் என்றால், எங்களுக்குப் புண்ணாக்கும் போட்டிருக்கலாம். அதைப் போடவில்லை.

பெட்டைப் பக்கம் பொறுப்பாக இருந்தவள் ஆரோக்கியம். என்னைவிட மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் புருஷன் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனவன். அங்கே குண்டு விழுந்ததிலிருந்து கடுதாசி இல்லை. அங்கிருந்து தப்பி நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்கள் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். உறவுக்காரர்களில் பாதிப் பேர் தாலியைக் கழற்றச் சொன்னார்கள், பாதிப் பேர் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். சோறு போடுகிறேன் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். இந்த வேலை போனால் மூன்று பேரும் பட்டினி. இதை அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை, அழாமலே எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் சூப்ரண்டுக்கு ஒரு யோசனை வந்தது. சீமைக் கோழி நம் வெயிலில் சுருண்டு விழுகிறது, நம் நாட்டுச் சண்டைக்கோழியைக் கலந்து பார்ப்போம் என்று. நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். சண்டைக்கோழி முட்டைகள் வந்தன, அடையில் வைத்தோம், பொரித்தன. குஞ்சுகள் வளர்ந்து பிரிக்கிற நாளும் வந்தது.

பிரிக்கிற நாள் என்றால் எங்களுக்குத் திருவிழா. குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாகப் பிடித்து அவர் முன்னால் நீட்ட வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் தொடைமேல் வைத்திருப்பார். முதலில் கொண்டை: பெரிதாகச் சிவந்திருந்தால் சேவல். அடுத்து பிடரி, இடுப்பு: இறகு நுனி கூராக இருந்தால் சேவல், உருண்டையாக இருந்தால் பெட்டை. கடைசியாக வால்: வளைந்து மினுங்குகிற இறகு முளைத்தால் சேவல். பென்சிலால் இறகை விலக்கிப் பார்த்து ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ என்று கைகாட்டுவார். அவர் கைகாட்டினால் காட்டினதுதான். எங்களைக் கேட்க மாட்டார், நாங்களும் சொல்ல மாட்டோம்.

சண்டைக்கோழி இனத்தில் கொண்டை சேவலுக்கும் சின்னதுதான், பெட்டைக்கும் சின்னதுதான். அதனால் அன்று இறகே தீர்ப்புச் சொன்னது. ஒரு செவலைக் குஞ்சு வந்தது. எடுப்பான கழுத்து, உறுதியான கால். இறகெல்லாம் உருண்டை நுனி, வால் மட்டமாக நின்றது. சூப்ரண்டு முகம் மலர்ந்துவிட்டது.

“பெட்டை லட்சணம்னா இதுதாம்ப்பா. பாரு, நிக்கிற நிலையைப் பாரு! இதுக்கு ராஜாத்தின்னு பேரு வை. இங்கிட்டு விடு.”

ராஜாத்தி பெட்டைக் கொட்டகைக்குப் போனது. அதன்பின் யார் பண்ணையைப் பார்க்க வந்தாலும் முதல் தரிசனம் ராஜாத்திதான். மற்ற பெட்டைகள் முட்டை போட ஆரம்பித்தன, ராஜாத்தி போடவில்லை. கேட்டால், உயர்ந்த ஜாதி, நிதானமாகத்தான் போடும் என்றார். வீட்டில் மாப்பிள்ளை வேலைக்குப் போகாததற்கு மாமனார் சொல்கிற சமாதானம் மாதிரி இருந்தது.

ஆரோக்கியத்தக்கா ஒரு நாள் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“அய்யா, அந்த ராஜாத்தி மத்த கோழி மேலயெல்லாம் ஏறுதுங்க.”

“சீ! என்ன பேச்சு இது? பொம்பளை வாயில வர்ற வார்த்தையா? போ, போய் வேலையைப் பாரு!”

அதோடு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்கும் அதில் விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. சேவல் இல்லாத இடத்தில் கொழுத்த பெட்டை ஒன்று அப்படிச் செய்வதை நானே பார்த்திருக்கிறேன்.

கோடை வந்தது, ரத்தமும் வந்தது. ஆஸ்பத்திரி ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த சுபேதார் நேரிலேயே வந்து, உடைத்த முட்டை ஒன்றைக் கிண்ணத்தில் எடுத்துவந்து சூப்ரண்டின் மூக்குக்கு நேராக நீட்டினார். இன்னொரு முறை இப்படி வந்தால் முட்டையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சூப்ரண்டு அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மறுநாளிலிருந்து முட்டைகளுக்கு விளக்குப் பிடித்தோம். மண்ணெண்ணெய் டின்னுக்குள் அரிக்கேனை வைத்து, டின்னில் சின்னதாக ஒரு ஓட்டை. இருட்டறையில் அந்த ஓட்டையில் முட்டையை வைத்து மெதுவாக உருட்டினால் உள்ளே தெரியும். நல்ல முட்டை வெறும் மஞ்சள் வெளிச்சமாக இருக்கும். கரு ஓடிய முட்டையில் சிவப்பாக ஒரு சிலந்தி உட்கார்ந்திருக்கும். அன்றைய முட்டையில் எதுவும் தெரியாது என்பதால், தினமும் சில முட்டைகளை மட்டும் மூன்று நாள் அடையில் வைத்து எடுத்துப் பார்த்தோம். பெட்டைக் கொட்டகை முட்டைகளில் சிலந்தி, சிலந்தி, சிலந்தி. சூப்ரண்டு ஆரோக்கியத்தைக் கூப்பிட்டார்.

“படலை ஒழுங்கா சாத்துறியா இல்லையா?”

“சாத்துறேனுங்கய்யா. கயித்தப் போட்டு முடிச்சும் போடுறேன்.”

“பின்னே சேவல் எப்படி உள்ளே வந்தது? தட்டியைத் தாண்டி ஏரோப்ளேன்ல வந்ததா?”

“எந்தச் சேவலும் வரலீங்க. மாதா மேல சத்தியமா வரலீங்க. அந்த ராஜாத்திதான்...”

“வாயை மூடு!” என்றார். பிறகு எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “வீட்டுல ஆம்பளை இல்லை. எந்தக் கதவு தொறந்து கெடக்கு, எது சாத்திக் கெடக்குன்னு ஒனக்கு எங்கே தெரியப்போவுது?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் தலையைப் பெனாயில் தொட்டியில் முக்கியிருப்பேன். முக்கவில்லை. எனக்கும் சோறு அவர் கையில்தான் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு நின்ற மற்றவர்களும் என்னைப் போலத்தான்.

ஆரோக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசினாள்.

“அய்யா, சேவல எல்லாத்தையும் சந்தைக்கு ஏத்திவிடுங்க. பண்ணையில ஒரு சேவல்கூட இருக்கக் கூடாது. அப்பறமும் முட்டையில ரத்தம் வந்தா எம்மேல தப்புன்னு வச்சுக்கங்க. நானே போறேன்.”

அடேயப்பா! தன் வேலையைப் பணயம் வைத்தது சரி, சேவல் மேய்க்கிற என் வேலையையும் சேர்த்தல்லவா வைத்துவிட்டாள்! சூப்ரண்டுக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. “நல்லது. ரத்தம் நின்னா நீ கதவைத் தொறந்து விட்டேன்னு அர்த்தம். நிக்கலேன்னா வெளியிலேருந்து சேவல் கொண்டாறேன்னு அர்த்தம்” என்றார். எப்படிப் போனாலும் அவள் போக வேண்டியதுதான் என்பதை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது.

இளஞ்சேவல்கள் அத்தனையும் வண்டியேறி மணப்பாறைச் சந்தைக்குப் போயின. இனவிருத்திக்கு வைத்திருந்த பெரிய சேவல்கள் முதலாளியின் தோட்டத்துக்குப் போயின. மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது பண்ணை துக்க வீடு மாதிரி இருந்தது. அதுவரை நாள் பூராவும் ஒன்று மாற்றி ஒன்று கூவிக்கொண்டே இருக்கும், அதில் எது எங்கே கூவியது என்று யார் கண்டது? இப்போது காற்று தட்டியில் உரசுகிற சத்தம்தான்.

அன்றைக்கே சுபேதாரும் வந்து சேர்ந்தார். சூப்ரண்டுதான் வரச் சொல்லியிருந்தார். அவரையும் பெனாயிலில் கால் நனைக்க வைத்து, பெட்டைக் கொட்டகை வாசலில் நின்று, சூப்ரண்டு பண்ணையில் இனி ஆண் வாடையே கிடையாது என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஆரோக்கியம் தீனிக் கூடையோடு ஓரமாக நின்றாள். நான் வேலை இல்லாத காரணத்தால் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கொட்டகைக்குள்ளிருந்து கணீரென்று ஒரு கூவல்.

“மயில்” என்றார் சூப்ரண்டு உடனே. விராலிமலைப் பக்கம் மயிலுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். ஆனால் எந்த மயிலும் கொக்கரக்கோ என்று அகவியதில்லை. அவர் பேசி வாய் மூடுவதற்குள் இரண்டாவது கூவல். படலுக்கு நேராக, முட்டைப் பெட்டியின் மேல் ஏறி நின்று, கழுத்தை நீட்டி, இறக்கையைப் படபடவென்று அடித்து, எல்லோரையும் பார்த்துக் கூவியது ராஜாத்தி. நேற்றுவரை அத்தனை சேவல் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த குரல், இன்றைக்குத் தனிக் கச்சேரி வைத்துவிட்டது.

சுபேதார் விழுந்து விழுந்து சிரித்தார். “அட, பெட்டைமாறிங்க இது! பெட்டை மாதிரியே இறகு இருக்கும், ஆனா சேவல். எங்க ஊருப் பக்கம் சண்டைக்கு விடுவாங்க. எதிராளிச் சேவல் பெட்டைன்னு நெனச்சு அசந்து நிக்கும், இது போட்டுத் தள்ளிரும். இதைப் போயி பொட்டைகளோட விட்டிருக்கீங்களே!”

எல்லோரும் சூப்ரண்டைப் பார்த்தோம். அவர் குடையை என் கையிலிருந்து வாங்கி, மடக்கி, மறுபடி விரித்தார்.

“இது பெட்டைதான்” என்றார். “சேவல் கொட்டகைக்குப் பக்கத்திலேயே வளர்ந்ததில்ல? கேட்டுக் கேட்டுக் கூவப் பழகிக்கிச்சு. சகவாச தோஷம். இதுக்குத்தான் பிரிச்சு வளர்க்கணும்னு சொல்றேன்.”

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே! ஆரோக்கியம் சிரிக்கவில்லை. கூடையைக் கீழே வைத்தாள்.

“பெட்டைதானுங்களாய்யா?”

“பெட்டைதான். நான் கையால பிரிச்சு விட்டது.”

“அப்ப முட்டை போடுமுங்கள்ல?”

“போடும். கொஞ்சம் தாமதமாப் போடும்.”

“சரிங்கய்யா. அது முதல் முட்டை போடுற அன்னைக்கு என்னை வேலைய விட்டு நிறுத்துங்க. அதுவரைக்கும் நிறுத்தக் கூடாது. பட்டாளத்து அய்யா சாட்சி.”

சுபேதார் ‘சாட்சி, சாட்சி’ என்று மீசையைத் தடவினார். சூப்ரண்டு என்ன செய்வார்? மாட்டேன் என்றால் அது சேவல் என்று ஆகிவிடும். “சரி” என்றார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கோழி முட்டையே போட்டிருக்கும்.

ராஜாத்திக்குத் தனிக் கூண்டு கட்டினார்கள், ஆண்களோடும் சேராமல் பெண்களோடும் சேராமல். கூவுகிற வியாதிக்கு வைத்தியம் என்று காரணம் சொன்னார். இரண்டு மூன்று வாரத்தில் முட்டைகளில் சிலந்தி நின்றது. பெனாயிலை இரண்டு பங்காக்கியதால் நின்றது என்று சுபேதாரிடம் சொல்லிக்கொண்டார். சொல்லட்டும், நன்றாக இருக்கட்டும். புதுச் சேவல் குஞ்சுகள் வந்தன, என் வேலையும் தப்பியது.

தினமும் காலையில் அவர் முதலில் போவது ராஜாத்தியின் கூண்டுக்குத்தான். குனிந்து வைக்கோலை ஒரு பார்வை பார்ப்பார். ஒன்றும் இருக்காது. ராஜாத்தி அவர் முகத்துக்கு நேராகக் கூவும்.

ஒரு நாள் முட்டை இருந்தது.

வைக்கோல் நடுவில், வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை. சூப்ரண்டு எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். “பாத்தியாப்பா? நான் சொல்லலை?” அந்த இரண்டு பெண் பிள்ளைகளும் என் கண்முன்னால் வந்து நின்றார்கள். ஆரோக்கியம் கூண்டுக்குள் கையை விட்டு முட்டையை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காமல், அவருக்கும் பக்கத்தில் நின்ற எனக்கும் மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“அய்யா, முட்டையில விபூதி ஒட்டியிருக்குங்க.”

ஒட்டித்தான் இருந்தது. வெள்ளை ஓட்டில் சாம்பல் பூத்த மூன்று விரல் தடம். வாழ்நாளில் முட்டையைக் கைக்குட்டை இல்லாமல் தொடாத மனிதர், ஒருத்தி வாயில் மண் போடுவதற்காக வெறுங்கையால் தொட்டிருக்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். ஆரோக்கியம் என்னை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டேன். அவள் முந்தானையால் அந்த முட்டையை அழுத்தித் துடைத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “இது சீமை வெள்ளைக் கோழி முட்டைங்க. அங்கிட்டிருந்து உருண்டு வந்திருச்சு போல.”

சூப்ரண்டு தரையைப் பார்த்துக்கொண்டே, “ஆமா... உருண்டுதான் வந்திருக்கும்” என்றார். பெட்டைக் கொட்டகையிலிருந்து பார்த்தால் கூண்டு இருந்த இடமோ மேடு. முட்டை மேட்டில் ஏறி, கம்பிக்குள் நுழைந்து, வைக்கோலில் படுத்துக்கொண்டது என்று நாங்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். அதன்பின் அவர் அந்தக் கூண்டுப் பக்கம் போகவே இல்லை. அவளிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவும் இல்லை. மன்னிப்பா? அதெல்லாம் அவர் படித்த புத்தகத்தில் இல்லை.

யுத்தம் முடிந்தது. எங்கள் பக்கத்தை ஆண்ட சமஸ்தானம் போய் அரசாங்கம் வந்தது. சூப்ரண்டு ஊருக்குப் போனார், நான் சர்க்கார் வேலைக்கு வந்தேன். ரங்கூன்காரன் வரவே இல்லை. பண்ணையில் வேறு வேறு சூப்ரண்டுகள் வந்தார்கள். வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் ஆரோக்கியம் அந்த ஏற்பாட்டை எடுத்துச் சொல்லிவிடுவாள்: கூண்டில் இருக்கிறது பெட்டை, அது முட்டை போடுகிறவரை என்னை நிறுத்தக் கூடாது. அவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். நரி, நாய், காய்ச்சல் எதுவும் அந்தக் கூண்டை அண்டவில்லை. ஒரு மகாராஜாவுக்குக்கூட அவ்வளவு காவல் இருந்திருக்காது.

ராஜாத்தி கிழடாகிச் செத்த சமயம் நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஆரோக்கியத்தக்கா வேப்பமரத்தடியில் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். மூத்த பெண் டீச்சர் டிரெய்னிங்கில் இருந்தாள், இளையவள் பத்தாவது. என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்தது அழுகையாகிவிட்டது.

“போயிருச்சு தம்பி. பாவி மக, கடைசி வரைக்கும் எனக்காக ஒரு முட்டை போடாம இருந்தாளே!”